நாற்காலியில் தொங்கும் காகித மீன்

ஊரிலுள்ள லிஃப்டுகளில் பாதியைப் பராமரித்துவந்த அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டே மாடிக்கு எதற்கு வெட்டிச் செலவு என்று பழைய முதலாளி காலத்திலேயே முடிவாகிவிட்டது. அடுத்தவர் வீட்டு லிஃப்ட் நின்றால் ஓடோடிப் போகும் மெக்கானிக்குகள், தங்கள் அலுவலகத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். இரண்டாம் மாடியின் கோடியில், கழிப்பறைக்கும் பழைய மோட்டார்கள் போட்டுவைத்த அறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அலுவலகத்தின் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்தில், ஆட்களுக்கு நடுவே, காற்றோட்டமான இடம் தருகிறோம் என்றபோது வேண்டாமென்று சொல்லி இந்த இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். படியேறி வருகிறவனுக்கு முதல் மாடியிலேயே மூச்சு வாங்கும். மூச்சு வாங்க நிற்கிற நேரத்தில் மனம் மாறும். மனம் மாறியவன் திரும்பிப் போவான். இது அவர் போட்ட கணக்கு, அப்படியே பலித்தது.

முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை ‘சார்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் தூண்டில்.

காரணம் இருந்தது. திருடர்கள் போலி மின்னஞ்சல் அனுப்பி ஆட்களை ஏமாற்றுகிறார்கள் அல்லவா? ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க, தூண்டிலே அவ்வப்போது ஒரு போலி மின்னஞ்சல் தயாரித்து அனுப்புவார். யாராவது அதைத் தட்டித் திறந்துவிட்டால், மறுநாள் காலை திறந்தவருடைய நாற்காலி முதுகில் ஒரு காகித மீன் தொங்கும். நீல நிறம், வாயைப் பிளந்த முகம், அசட்டுக் கண். ஒரு வாரம் அதைக் கழற்றக் கூடாது. தொழில் உலகம் முழுக்க இப்படிச் சோதனை மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். மீன் மட்டும் தூண்டிலின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை அவரே கத்தரித்தார், அவரே வண்ணம் தீட்டினார். அந்த அலுவலகத்தில் அவர் மனதார ரசித்துச் செய்த ஒரே கைவேலை அது.

மனிதர்களைப் பற்றி அவருக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கணினி ஒருபோதும் முட்டாள்தனம் செய்யாது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் செய்யும். ‘உட்கார்ந்திருப்பவர்’ என்றுகூட அவர் சொல்ல மாட்டார், ‘உட்கார்ந்திருப்பது’. வணக்கம் சொன்னால் தலையைக் கொஞ்சம் அசைப்பார்; அது வணக்கத்துக்குப் பதிலா, கழுத்துப் பிடிப்பா என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் கண் அந்த ஆளின் காதுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் போய் நின்றுகொள்ளும்.

ஆனால் அதே மனிதர் எழுதிய போலி மின்னஞ்சல்கள் இருக்கின்றனவே, அவை காவியம். எந்த மெக்கானிக்குக்கு விடுப்பு கிடைக்காமல் நெஞ்சு எரிகிறது என்று அவருக்குத் தெரியும். ‘உங்கள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது, காண இங்கே தட்டவும்’ என்று சரியாக அவனுக்கே போகும். வரவேற்பு மேஜைப் பெண்ணுக்குப் பூனை என்றால் உயிர் என்று தெரியும். கட்டட வாசலில் அனாதையாகக் கிடந்த பூனைக்குட்டியின் படம் அவளுக்குப் போகும். யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய பிள்ளை எந்தப் பரீட்சையில் தேறவில்லை, யார் கடனைவிட அவமானத்துக்குப் பயப்படுகிறார், எல்லாம் அத்துப்படி. இத்தனையும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், தேநீர் அறையில் யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் நின்று தேநீர் குடித்ததில்தான் தெரிந்தது. பேசுகிறவர்கள் சுவரைப் பார்த்துப் பேசுவதாக நினைத்தார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. நன்றாகப் புரிந்துகொண்டார். புரிந்ததையெல்லாம் கொக்கியாக வளைத்தார், அவ்வளவுதான்.

கீழ்த்தளத்துக் கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். ஓய்வு பெறுகிற வயது. இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கணக்கு அக்கா. வெளிநாட்டில் இருந்த மகன் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு பொட்டலம் அனுப்புகிறவனாகிவிட்டான். அந்த வருடம் அதுவும் வரவில்லை. இது தேநீர் அறையில் ஒருநாள் பேச்சுவாக்கில் வந்தது. அடுத்த வாரம் கணக்கு அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல்: ‘உங்கள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்துள்ளது. முகவரியை உறுதி செய்யவும்.’

அக்கா உறுதி செய்தார். மறுநாள் மீன் தொங்கியது. அதைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த தூண்டிலிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப அவன் ஒண்ணும் அனுப்பலையா தம்பி?”

“இல்லை. அது சோதனை. அனுப்புனர் முகவரியை நீங்க கவனிச்சிருக்கணும்” என்றார் தூண்டில், அக்காவின் காதுக்குப் பின்னாலிருந்த நாள்காட்டியைப் பார்த்து.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அவர் நன்றாகத் தூங்கினார்.

இப்படிப்பட்டவர் மேல் ஒரு பதவி வந்து இடித்தது. நிறுவனம் பெருகப் பெருக, பாதுகாப்புக்கென்று ஒரு தனித் துறை, அதற்கு ஒரு தலைவர், கீழ்த்தளத்தில் கண்ணாடி வைத்த அறை என்று முடிவாயிற்று. பத்து வருடமாக அப்படியொரு பதவியைத் தவிர வேறெதற்கும் தூண்டில் ஆசைப்பட்டதில்லை. ஆட்கள் வேண்டாம், ஆட்களுக்கு மேலே இருக்க வேண்டும். இதில் ஒரு முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இயக்குநர் அம்மாள் கூப்பிட்டுவிட்டார். இயக்குநருக்குக் கோடுகள் என்றால் பிடிக்கும். அதிலும் மேலே ஏறுகிற கோடுகள். ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். தரையோடு தரையாக ஒரு கோடு படுத்திருந்தது.

“இது என்னன்னு தெரியுதா?”

“தெரியலை மேடம்.”

“நம்ம ஆளுங்க தானா முன்வந்து உங்ககிட்ட ‘இது சந்தேகமா இருக்கு’, ‘நான் தப்பு பண்ணிட்டேன்’னு சொன்ன கணக்கு. எத்தனைன்னு பாருங்க.”

“யாருமே சொல்லலை போல.”

“யாருமே சொல்லலை. செத்த ஆளோட இதயத் துடிப்பு மாதிரி இருக்கு. நெருப்பு பிடிச்சாக்கூட உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்களாம், நான் விசாரிச்சுட்டேன். வெளியில இருந்து ஒருத்தன் விண்ணப்பம் போட்டிருக்கான். உங்க படிப்பு இல்லை, உங்க அனுபவம் இல்லை. ஆனா நேர்காணலுக்கு வந்தவன் வாசல் காவலாளிகிட்ட பத்து நிமிஷம் சிரிச்சுப் பேசிட்டுதான் உள்ளே வந்தான். இந்த மூணு மாசத்துல இந்தக் கோடு ஏறினா அறை உங்களுக்கு. ஏறலைன்னா அவனுக்கு.”

இயக்குநரின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். திறந்த மனம் என்று காட்டுவதற்காக. அதனால் இந்தப் பேச்சை மொத்தக் கீழ்த்தளமும் கேட்டது. சிலர் வாய்விட்டே சிரித்தார்கள். கணக்கு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “பாவம், வீட்டுல ஒருத்தி நம்பி இருப்பா இல்ல” என்றார் பக்கத்து மேஜைக்காரியிடம்.

கோடு ஏன் படுத்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எல்லோருடைய அஞ்சல் பெட்டியிலும் ‘சந்தேகம்’ என்று ஒரு சிவப்புப் பொத்தானைத் தூண்டிலேதான் வைத்துக்கொடுத்தார். வரவேற்பு மேஜைப் பெண் ஒருமுறை அதை அழுத்தினாள். வந்தது உண்மையான மின் கட்டண ரசீது. நன்றி சொல்லி முடித்திருக்கலாம். அவரோ, ஒரு ரசீதைக்கூட அடையாளம் தெரியாதவர்களால் தன் நேரம் எப்படி விரயமாகிறது என்று நான்கு பத்தி எழுதி, அலுவலகம் முழுவதற்கும் பிரதி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பொத்தான் கோயில் உண்டியல்போல் ஆனது. இருப்பது எல்லோருக்கும் தெரியும், கை போடத்தான் யாருக்கும் துணிவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மனைவி மருந்துக்கடை கவுன்டரில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்து, ஒரு முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“உங்ககிட்டயா? ஆளுங்க தானா வந்து சொல்லணுமா? போன மாசம் அம்மா வந்திருந்தப்ப வைஃபைக்கு என்ன பாடு படுத்தினீங்க? விருந்தாளிக்கு ஒரு பாஸ்வேர்டு, அதுக்கு ஒரு கெடு, அதுக்கு மேல ஒரு கேள்வி. ‘மாப்பிள்ளை, நான் பொண்ணு வீட்டுக்கு வந்தேனா, பேங்க் லாக்கருக்கு வந்தேனா?’ன்னு அம்மா கேட்டாங்க. அதுக்கும் பதில் சொல்லலை நீங்க.”

“பாதுகாப்புன்னா அப்படித்தான்.”

“நல்ல பாதுகாப்பு. நான் ஒண்ணு சொல்லட்டுமா? முன்பின் தெரியாத ஆளுங்க வந்து, கவுன்டர்ல குனிஞ்சு, எனக்கு மூலம்னு சொல்றாங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லாததை எங்கிட்ட சொல்றாங்க. ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“நான் மூஞ்சியைச் சுளிக்க மாட்டேன். ‘இத்தனை நாள் என்ன பண்ணீங்க’ன்னு கேட்க மாட்டேன். அவ்வளவுதாங்க வித்தை. இதுக்குப் படிப்பு வேணாம்.”

தூண்டில் இதைக் கேட்டார். இலவசமாக வந்த யோசனை என்பதால் மதிக்கவில்லை. அடுத்த வாரம் நிறுவனமே ஒரு பயிற்சிக்கு அனுப்பியது, அதை மதித்தார்.

பயிற்சியாளர் பளபளக்கும் கோட்டு போட்ட ஆசாமி. கணினியின் பின்பக்கம் எது, முன்பக்கம் எது என்று தெரியாத அவர், கணினிப் பாதுகாப்புக்காரர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு நாள் பேசினார். தூண்டில் ஊமை என்றால் இவர் ஓட்டை வாய். இருவருக்கும் நடுவே வகுப்பில் யார் எதைக் கற்றார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. “கண்ணைப் பாருங்க. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அவங்க நாள் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. மௌனமும் ஒரு பேச்சுதான், அதை எப்ப பயன்படுத்தணும்னு தெரிஞ்சுக்குங்க. மொத்தத்துல, கதவைத் திறந்து வையுங்க சார்!” தூண்டில் அத்தனையையும் ஓர் இயந்திரத்தை அமைக்கும் குறிப்பைப்போல வரிசையாக எழுதிக்கொண்டார்.

அந்தக் குறிப்பு திங்கட்கிழமை செயல்பாட்டுக்கு வந்தது. அவர் அறையில் எதிரே ஒரு நாற்காலி உண்டு; அதில் எப்போதும் உடைந்த விசைப்பலகைகளும் கம்பிச் சுருள்களும்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்தார். மேஜையில் ஒரு தட்டில் பிஸ்கட். பிறகு தேநீர் அறைக்கு இறங்கிப் போனார். அங்கே விடுப்பு கேட்டு மீன் வாங்கிய அந்த மெக்கானிக் நின்றிருந்தான். தூண்டில் நேராகப் போய், இமைக்காமல் அவன் கண்ணைப் பார்த்தார்.

“உங்க நாள் எப்படி இருந்துச்சு?”

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தான். “இப்பதானே சார் ஆரம்பிச்சுது.”

“சரி. எப்படி ஆரம்பிச்சுது?”

“சார், நான் ஏதாவது கிளிக் பண்ணிட்டேனா?”

“இல்லை. சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாவா?” அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். “சார், எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க சார். எனக்கு பிரஷர் இருக்கு.”

தூண்டில் சிரித்தார். பயிற்சியில் சொன்னபடி, பல் தெரியச் சிரித்தார். மெக்கானிக் பாதித் தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று மாலைக்குள், ‘தூண்டில் சிரிக்குது, பெரிய வலை ஏதோ வரப்போகுது’ என்று செய்தி பரவியது. வழக்கமாகத் திறக்கும் மின்னஞ்சல்களைக்கூட இரண்டு நாள் யாரும் திறக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர், தன் கட்டட லிஃப்டில் மாமனார் மாட்டிக்கொண்டார் என்று எழுதியது ஒரு பொழுது முழுக்க அப்படியே கிடந்தது.

வாரங்கள் போயின. பிஸ்கட் நமத்துப்போயிற்று, கடைசியில் தூண்டிலே அதைத் தின்றார். திறந்த கதவு வழியாகக் கழிப்பறை வாடை மட்டும் தாராளமாக வந்துபோனது. கோடு எழுந்திருக்கவில்லை. வெளியிலிருந்து விண்ணப்பித்தவன் ஒருநாள் வந்து கண்ணாடி அறையை அளவெடுத்துப் பார்த்துவிட்டு, போகும்போது வரவேற்பு மேஜையில் பூனையைப் பற்றி விசாரித்துவிட்டும் போனான். முதல் மாடித் திருப்பத்தில் நின்று தூண்டில் அதைப் பார்த்தார். வந்தது பொறாமை என்று தெரியாமல், ஜீரண மாத்திரை போட்டுக்கொண்டார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கணக்கு அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய பாக்கி ஒன்று இருப்பதாகவும், இணைத்துள்ள கோப்பைத் திறந்து பார்க்காவிட்டால் வழக்கு என்றும் மிரட்டியது. நிறுவனத்தின் சின்னம் கோணலாக ஒட்டியிருந்தது. அனுப்பியவர் முகவரி, குழந்தை கையைவைத்துத் தட்டியதுபோல் இருந்தது. மீன் வாங்கிய அனுபவத்தில் அக்கா பார்த்தவுடனே போலி என்று கண்டுகொண்டார். அவருக்கு ஒரே ஒரு தவறுதான் நேர்ந்தது. அந்த அலுவலகத்தில் போலி என்றால் அனுப்பியவர் தூண்டில்; வேறு திருடன் உலகத்தில் உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

‘பாவம், கடைசி நேரத்துல ஏதோ அள்ளித் தெளிச்சிருக்கு’ என்று நினைத்தார் அக்கா. ‘ஒருத்தராவது போய் சொன்னாத்தானே அந்தப் புள்ளைக்கு அறை. நான் கடிச்சுட்டேன்னு நானே போய் சொல்றேன். ஒரு மீன்தானே, தொங்கிட்டுப் போகட்டும்.’

தெரிந்தே கோப்பைத் திறந்தார். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஒவ்வொரு படியிலும் ஒருமுறை திட்டிவிட்டு, இரண்டு மாடி ஏறினார். இரக்கமும் இளக்காரமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் குடியிருப்பவை. அக்காவின் மனதில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறினார், அந்த அலுவலகத்தில் வேறு யாரும் ஏறவில்லை.

“தம்பி” என்று வாசலில் நின்று மூச்சு வாங்கினார். “நான் கடிச்சுட்டேன்.”

தூண்டில் துள்ளி எழுந்தார். நாற்காலியைக் காட்டினார். பயிற்சிக் குறிப்பு இல்லாமலே அவர் கண் முதல்முறையாகச் சுவரைத் தேடாமல் ஒரு மனித முகத்தில் நின்றது.

“உட்காருங்க, உட்காருங்க மேடம். என்ன கடிச்சீங்க?”

“உன் மெயிலைத்தான். பழைய பாக்கின்னு ஒண்ணு போட்டிருந்தியே. நான் தானா வந்து சொல்லிட்டேன்னு எழுதிக்கோ.”

“நான் எதுவும் அனுப்பலையே.”

“அட, என்கிட்ட என்ன மறைப்பு? இந்தா, போன்லயும் வந்திருக்கு பாரு.”

தூண்டில் பார்த்தார். இந்த இடத்தில் தொழில் தெரிந்தவன் என்ன செய்வான்? பாய்ந்து ஓடிக் கணக்குப் பிரிவின் கம்பிகளைப் பிடுங்குவான். தூண்டிலின் முகம் சிவந்தது.

“இதை நான் எழுதினேன்னு நினைச்சீங்களா? இதையா?”

“ஏன் தம்பி?”

“இந்தச் சின்னத்தைப் பாருங்க, கோணலா இருக்கு. மிரட்டலைப் பாருங்க, ஆளைத் தெரிஞ்சு எழுதின மாதிரியா இருக்கு? உங்களுக்கு நான் அனுப்பினா உங்க பையனைப் பத்தி அனுப்புவேன். இது ஊர் பூரா வீசின வலை. பத்து வருஷமா என் வேலையைப் பார்த்துட்டு, இந்தக் குப்பையை என்னோடதுன்னு...” மனிதர் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார்.

அக்கா அவரையே பார்த்தார். “சரி தம்பி. உன்னோடது இல்லைன்னா யாரோடது?”

அப்போதுதான் உறைத்தது. கணினியைத் திருப்பினார். கணக்குப் பிரிவின் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு, பெயர் மாறிக்கொண்டிருந்தன. மரத்தில் கரையான் ஏறுவதுபோல அது மேஜைக்கு மேஜை பரவிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால், ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் அழைப்பு வந்து சேராது.

தூண்டில் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினார். அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: ‘அவசரம்! உடனே எல்லாக் கணினிகளையும் வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கவும்!’

ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் அவரே ஒட்டிய சுவரொட்டி இருந்தது: ‘அவசரம் என்றாலே ஏமாற்று.’ ஆட்கள் மின்னஞ்சலைப் பார்த்தார்கள், சுவரொட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். “இந்தத் தடவை ரொம்ப லேசா வெச்சிருக்காருய்யா” என்றான் மெக்கானிக். பத்து வருடத்தில் முதல்முறையாகத் தூண்டிலைத் தாங்கள் பிடித்துவிட்டோம் என்கிற குஷியில், ஆளாளுக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். சிலர் இரண்டு தடவை அழுத்தினார்கள். அதனால் அவருக்கு ஒரு நன்மை விளையும் என்று தெரிந்திருந்தால் விரலை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் எண் என்று தெரிந்து யாரும் எடுக்கவில்லை. கடைசியில் இறங்கி ஓடி, முதல் மாடித் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தார். அங்கிருந்து கீழ்த்தளம் முழுக்கத் தெரியும். வாயைத் திறந்தார். “அனைவரின் கவனத்திற்கு...” குரல் தும்மல் அளவுக்குக்கூட வரவில்லை. ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கிவந்த கணக்கு அக்கா அவர் தோளுக்கு மேலாகக் கத்தினார்.

“ஏய்! என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? எல்லாரும் வயரைப் புடுங்குங்க! தப்பு நான்தான் பண்ணினேன். நிஜத் திருடன் உள்ளே வந்துட்டான். தூண்டில் சொல்றது உண்மைடா, புடுங்குங்க!”

நாற்காலிகள் இழுபட்ட சத்தம் கட்டடத்தையே அசைத்தது. மெக்கானிக் கடித்துக்கூட இழுத்திருப்பான். கண்மூடித் திறப்பதற்குள் தளம் முழுக்கத் திரைகள் தனித்தனித் தீவுகளாயின. கணக்குப் பிரிவின் சில கோப்புகள் போனதோடு சரி. லிஃப்ட் அழைப்புகள் தப்பின.

இத்தனை களேபரத்திலும் தூண்டில் படியில் நின்று, அக்காவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “தூண்டில்னா யாரு?”

அக்கா முழங்காலை நீவிக்கொண்டே சொன்னார்: “இத்தனை பேரோட ரகசியமும் உனக்குத் தெரியும். இது தெரியாதா?”

மறுநாள் இயக்குநர் அம்மாள் கூப்பிட்டார். வரைபடத்தைத் திருப்பினார். தரையோடு கிடந்த கோடு கடைசியில் ஒரே செங்குத்தாகத் தாளின் உச்சிக்குப் போயிருந்தது.

“ஒரே நாள்ல அலுவலகத்துல பாதிக்கு மேல ‘சந்தேகம்’ பொத்தானை அழுத்தியிருக்காங்க! எப்படி சார் பண்ணீங்க? அந்தப் பயிற்சிதானே?”

தூண்டிலுக்குத் தெரியும். அழுத்தியது அத்தனையும் தன்னுடைய எச்சரிக்கையைப் போலி என்று நினைத்து. அந்தக் கோடு அவருடைய வெற்றி இல்லை. அவரை ஒருவரும் நம்பவில்லை என்பதற்கு எடுக்கப்பட்ட வாக்கெடுப்பு. உண்மையில் முன்வந்து சொன்னவர் ஒரே ஒருவர், அவர் இரண்டு மாடி ஏறி வந்தார், அவர் கத்தியிருக்காவிட்டால் கதை முடிந்திருக்கும். எவர் செய்த எந்தச் சின்னப் பிழையையும் திருத்தாமல் விட்டதில்லை என்பது தூண்டிலின் பெருமை. முற்றுப்புள்ளி தவறினால்கூடத் திருப்பி அனுப்புகிற மனிதர். வாயைத் திறந்தார்.

மௌனமும் ஒரு பேச்சுதான் என்று பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

“அதிருக்கட்டும், அந்தத் திருட்டு மெயிலைத் திறந்தது யாரு?” என்றார் இயக்குநர்.

இதற்கு மட்டும் மௌனம் உதவவில்லை, உண்மை உதவியது. “கணக்குப் பிரிவு மேடம். கணக்கு அக்கா.”

“ஓ. அந்த அம்மாவா? சரி, எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு கொடுத்துடலாம். அந்த மீன் ஏதோ வைப்பீங்களே, அதையும் வெச்சிடுங்க. எல்லாருக்கும் ஒரே விதிதானே.”

“ஆமா மேடம்” என்றார், கண்ணாடி அறையின் புதிய தலைவர்.

அன்று மாலை மனைவி கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“கிடைச்சுருச்சா?”

“கிடைச்சுருச்சு.”

“நெஜமாவா? அப்ப யாரோ வந்து சொல்லியிருக்காங்க.”

“ஒருத்தங்க வந்தாங்க. வயசானவங்க. முழங்கால் வலியோட ஏறி வந்தாங்க.”

“நன்றி சொன்னீங்களா?”

அவர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் நேராக அடுக்கி வைத்தார். “விதிப்படி என்ன செய்யணுமோ செஞ்சேன்.”

மனைவி மருந்துக்கடையில் யாரிடமும் சுளிக்காத முகத்தை வீட்டுக்கு வந்து சுளித்தாள். “கவுன்டர்ல நின்னு எத்தனையோ நோயைப் பார்த்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. படி ஏற வேண்டியதில்லை. எதிரே வருகிறவர்களுக்கென்று மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று. கதவு திறந்தே இருந்தது, இயக்குநர் அம்மாளின் கதவைப்போல. கணக்கு அக்காவின் மேஜை அந்தக் கதவுக்கு நேர் எதிரே. அவர் நாற்காலி முதுகில் நீல மீன் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாரம் முடிந்தும் அக்கா அதைக் கழற்றவில்லை. கேட்டவர்களிடம், “இருக்கட்டும், எனக்கு ஞாபகத்துக்கு வேணும்” என்றார்.

ஒருநாள் பகலில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா புருவத்தைச் சுருக்கினார். ஏதோ வந்திருந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். பிறகு நிமிர்ந்து, எதிரே திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

தூண்டில் அதைக் கவனித்துவிட்டார். உடனே அக்காவின் கண்ணைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். எதிரேயிருந்த நாற்காலியைக் கையால் கொஞ்சம் முன்னால் இழுத்தும் வைத்தார்.

அக்கா அந்தச் சிரிப்பைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு திரையை அணைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, தேநீர் குடிக்கப் போனார்.

தூண்டில் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தன் பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தார். அது அங்கே பொருத்தமாக இருந்தது.